வாயில் புண் இல்லை, அப்புறம் எதற்கு எண்டோஸ்கோப்பி?

ஜூன் 4, இரவு 9.10 (கேள்வி)

எங்கள் பையனுக்கு இரண்டு வயது முடியப் போகிறது. மதியம் குழாய் அடைப்பு நீக்கும் திரவத்தை எடுத்து வாயில் வைத்துவிட்டான். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. வாயைக் கழுவிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். உதடு, நாக்கு எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். நாளைக் காலை மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோப்பி பார்க்கலாம் என்கிறார்கள். வாயே சரியாக இருக்கும்போது அதற்குக் கீழே என்ன ஆகியிருக்கப் போகிறது? தேவையில்லாமல் செய்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஜூன் 4, இரவு 9.50 (பதில்)

அங்கேயே இருங்கள். வீட்டுக்குக் கூட்டிப் போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். விளக்கமெல்லாம் அப்புறம்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போன திரவம் திரும்பி வந்தால் அதே இடத்தை இரண்டாம் முறை சுடும். அந்தத் திரவத்தில் இருக்கும் காரத்துக்கு (அல்கலி) மாற்று என்று யாராவது புளிப்பான எதையாவது கொடுக்கச் சொல்வார்கள், வேண்டாம். இரண்டும் கலக்கும்போது சூடு கிளம்பும். கரித்தூள் மருந்தும் வேண்டாம். அது இந்த மாதிரித் திரவங்களைப் பிடித்து வைப்பதில்லை, காலையில் கருவியை உள்ளே விட்டால் எங்கு பார்த்தாலும் கறுப்பாகத்தான் தெரியும். டாக்டர் சொல்லும்வரை வாய்வழியாக ஒன்றுமே கொடுக்க வேண்டாம். வீட்டிலிருந்து யாராவது அந்தப் பாட்டிலை லேபிளோடு எடுத்து வரட்டும்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தாலோ, குரல் கம்மினாலோ, அழுகை வழக்கம்போல இல்லாமல் மாறினாலோ நர்ஸை உடனே கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஜூன் 4, இரவு 11.30

பையன் தூங்கிவிட்டான் என்று கேள்வி கேட்டவர் சொல்கிறார். சரி, கேள்விக்கு வருகிறேன். இருபது வருடத்துக்கு மேல் குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி செய்தவன் நான். இந்தக் கேள்வியை எத்தனை பெற்றோர் கேட்டிருப்பார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆரம்பத்தில் நானே அப்படித்தான் நினைத்தேன் என்பதால் கேட்பவர் மேல் கோபம் வருவதில்லை.

வாயை வைத்து உணவுக்குழாயைத் தீர்மானிக்க முடியாது. இரண்டு பக்கமும் ஏமாற்றும். உதடு வெந்து வீங்கிப்போய் வரும் குழந்தைக்கு உள்ளே ஒரு கீறல்கூட இருக்காது. பளிச்சென்ற வாயோடு வரும் குழந்தைக்கு நடு உணவுக்குழாய் சுற்றிலும் வெந்திருக்கும்.

முதல் காரணம், குடித்த பொருள் எந்த வடிவத்தில் இருந்தது என்பது. தூளாகவோ கட்டியாகவோ இருக்கும் காஸ்டிக் சோடா நாக்கிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும். வலித்ததும் குழந்தை துப்பிவிடும், அதனால் வாய் கெட்டுப்போகும், உள்ளே போவது குறைவு. திரவம் அப்படியில்லை. வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வலி தெரிவதற்குள் விழுங்கி முடிந்திருக்கும். அதிலும் காரத் திரவங்கள் பலவற்றுக்குப் பெரிய மணமும் இல்லை, குமட்டும் சுவையும் இல்லை. ஆசிட் வாயில் பட்டதுமே எரியும், சின்னக் குழந்தை பெரும்பாலும் துப்பிவிடும்.

இரண்டாவது, நாக்கின் மேல் எச்சில் ஓடிக்கொண்டே இருக்கிறது, நீங்களும் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுகிறீர்கள். உணவுக்குழாயைக் கழுவ ஆள் இல்லை. அதில் இயல்பாகவே குறுகலான இடங்கள் சில உண்டு: தொண்டையிலிருந்து அது தொடங்கும் மேல்முனை, பெருந்தமனியும் இடது மூச்சுக்கிளையும் குறுக்கே வரும் நடுப்பகுதி, இரைப்பைக்குள் நுழையும் இடம். திரவம் அங்கெல்லாம் கொஞ்சம் தங்கித்தான் போகும். பெரும்பாலும் புண்ணும் அங்கேதான்.

இரண்டு வயதுக் குழந்தையின் ஒரு மடக்கு என்பது சுமார் 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு டீஸ்பூன். ஜுர மருந்தைக் கொடுத்தால் அதில் பாதியைச் சட்டையில் துப்பும் அதே குழந்தை, இதை மட்டும் முழு மடக்காக விழுங்கும். அது ஏன் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

ஜூன் 5, காலை 6.40

இரவு எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு.

பயிற்சியின் முதல் வருடம். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, அடுப்பு சுத்தம் செய்யும் காரத் திரவம். நாக்கை அழுத்திப் பார்த்தேன். சிவப்புகூட இல்லை. குழந்தை சிணுங்கிக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தது. அம்மா ஒன்று சொன்னார்: “எச்சிலை விழுங்க மாட்டேன் என்கிறாள், என் தோள் எல்லாம் ஈரம்.” பல் முளைக்கிற வயது அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பல் முளைக்கிற வயது!

மூன்று வாரம் கழித்து வந்தார்கள். முதலில் திட உணவு நின்றதாம், பிறகு கூழ், பிறகு பால். இப்போது தண்ணீரும் திரும்பி வருகிறது என்றார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் திரவத்தைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தோம். உணவுக்குழாயின் நடுவில் நூல் மாதிரி ஒரு கோடு. அதற்கு மேலே பை போல விரிந்து நின்றது. அடுத்த இரண்டு வருடம் அந்தக் குழந்தை திரும்பத் திரும்ப மயக்கத்தில் படுத்து அந்த இடத்தை விரித்துக்கொண்டது. ஈரமான அந்தத் தோளை நான் கவனித்திருந்தால் புண் வராமல் போயிருக்காது. ஆனால் மூன்று வாரம் வீணாகியிருக்காது.

ஆகவே, கேள்வி கேட்டவருக்கு: உங்கள் பையனின் தலையணை எப்படி இருக்கிறது? காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா?

ஜூன் 5, காலை 7.25

நனைந்திருக்கிறதாம். இரவு இரண்டு முறை துண்டு மாற்றினார்களாம். வாந்தி இல்லை, மூச்சுச் சத்தம் இல்லை. இதை அப்படியே காலை ரவுண்டில் டாக்டரிடம் சொல்லுங்கள். “எச்சில் வடிகிறது” என்று மட்டும் சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். “இரண்டு துண்டு மாற்றினோம்” என்று சொல்லுங்கள்.

ஜூன் 5, மதியம் 1.15

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கும் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “அப்படியானால் வாயில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் எண்டோஸ்கோப்பியா? வீட்டு பிளீச்சை நக்கிய குழந்தைக்கும் மயக்க மருந்தா?” நியாயமான கேள்வி. நேற்று நான் எழுதியதைப் படித்தால் ஆமாம் என்று சொன்ன மாதிரித்தான் இருக்கிறது. பல வருடம் நான் அப்படித்தான் செய்தும் வந்தேன். அந்தப் பெண் குழந்தைக்குப் பிறகு, பாட்டிலைத் தொட்ட குழந்தையைக்கூட விட்டதில்லை. அதில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இல்லை, அல்லது லேசான சிவப்பு. பயத்தில் செய்தேன், அதற்குக் கவனம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஆய்வுகளும் இதில் முட்டிக்கொண்டவைதான். 1983-ல் 378 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட ஒன்று, அறிகுறிகளை நம்பாதே என்றது. எந்தத் தொந்தரவும் இல்லாத குழந்தைகளிலும் சிலருக்கு, வெறும் சிவப்பைத் தாண்டிய இரண்டாம் நிலைப் புண் இருந்தது. அடுத்த வருடமே 79 குழந்தைகளை வைத்து இன்னொன்று. அவர்கள் பார்த்தது மூன்றே அறிகுறிகள்: வாந்தி, எச்சில் வடிதல், மூச்சு இழுக்கும்போது கீச்சொலி. இதில் இரண்டோ அதற்கு மேலோ இருந்த 14 பேரில் 7 பேருக்குக் கடுமையான புண். ஒன்று மட்டும் இருந்தவர்கள், ஒன்றுமே இல்லாதவர்கள், இவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. பயிற்சியில் இருந்தபோது இந்த இரண்டில் எது வசதியோ அதை மேற்கோள் காட்டுவோம்.

இப்போது ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நோய்ச் சங்கங்களின் 2017 வழிகாட்டல் நடுவில் நிற்கிறது. அறிகுறி இருந்தால் 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி. அறிகுறியே இல்லை, தொடர்ந்து கவனிக்க ஆள் உண்டு என்றால் செய்யாமல் இருக்கலாம். என் பழக்கமும் மெதுவாக அங்கேதான் வந்து சேர்ந்தது. வீட்டு பிளீச், சாதாரணச் செறிவு, ஒரு நக்கு, குழந்தை விளையாடுகிறது, கேட்டு வாங்கிக் குடிக்கிறது என்றால் சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவேன். குழாய் அடைப்பு நீக்கி, அடுப்பு சுத்தம் செய்யும் திரவம், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடும் தூள், தொழிற்சாலையில் புழங்கும் செறிவான காரம், இதெல்லாம் வேறு கணக்கு. காரத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். எண் 12-ஐத் தாண்டினால் என் கை இன்னும் தானாக எண்டோஸ்கோப்பிப் படிவத்தைத் தேடும்.

ஆகவே நேற்றைய நோட்டைத் திருத்திக்கொள்கிறேன். சுத்தமான வாயை நம்பாதே என்பது சரி. எல்லோருக்கும் செய் என்பது சரியில்லை. இந்தப் பையனுக்கு? குழாய் அடைப்பு நீக்கி, கூடவே இரண்டு துண்டு. எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூன் 5, மதியம் 1.40

பாட்டிலைப் பற்றி ஒரு வரி. வாங்கிய பாட்டிலிலிருந்து வேறு பாட்டிலுக்கு மாற்றி வைத்ததா என்று கேட்பேன். குடிதண்ணீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றி வைத்திருந்தால் குழந்தை நக்கிப் பார்க்காது, அண்ணாந்து குடிக்கும். அளவைப் பற்றி வேறு எந்தக் கேள்வியும் இவ்வளவு உருப்படியான பதில் தந்ததில்லை. “கொஞ்சம்தான் குடித்தான்” என்பதை ஒரு நாளும் எழுதி வைத்ததில்லை. யாரும் பக்கத்தில் இருந்து அளக்கவில்லையே.

ஜூன் 5, இரவு 8.30

முடிவு வந்துவிட்டது. குரல்வளை மூடியின் ஒரு பக்கம் சிவந்து லேசாக வீங்கியிருக்கிறது. உணவுக்குழாயின் நடுவில் நாலைந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு மேலோட்டமான புண், வெள்ளைச் சவ்வு, சுற்றி வளைக்கவில்லை. இரைப்பை சரியாக இருக்கிறது. ரிப்போர்ட்டில் “2ஏ” என்று இருக்கிறதாம், அது என்ன என்று கேட்கிறார்.

சர்கர் என்ற மருத்துவரின் குழு 1991-ல் வெளியிட்ட வகைப்பாடு அது, புண் எவ்வளவு மோசம் என்று நிலை நிலையாகக் குறிக்க. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை. ஒன்று என்றால் சிவப்பும் வீக்கமும். இரண்டில் இரண்டு பிரிவு. ஏ என்பது மேலோட்டமான புண், கொப்புளம், தொட்டால் ரத்தம் கசியும் சுவர். பி என்பது ஆழமான புண், அல்லது வளையமாகச் சுற்றிவந்த புண். மூன்று என்றால் தசை செத்துப்போன திட்டுகள், பழுப்பாகவோ கறுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும். சிறு திட்டுகள் 3ஏ, பரந்து கிடந்தால் 3பி. ஓட்டை விழுந்திருந்தால் நான்கு என்று சேர்த்துக்கொள்வார்கள்.

2ஏ-வுக்கும் 2பி-க்கும் நடுவில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வகைப்பாடு வந்த ஆய்விலேயே பூஜ்யம், ஒன்று, 2ஏ எல்லாம் தழும்பில்லாமல் ஆறின. 2பி-யில் பத்துக்கு ஏழு பேருக்குத் தழும்பு இழுத்துச் சுருக்கம். மூன்றாம் நிலையில் பிழைத்தவர்கள் எல்லோருக்கும். உங்கள் பையன் கோட்டின் நல்ல பக்கத்தில் இருக்கிறான்.

ஜூன் 5, இரவு 10.05

உள்ளே எப்படித்தான் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மற்றவர்களுக்கும் பயன்படலாம், எழுதுகிறேன்.

முதல் வேலை மூச்சுப்பாதை. மயக்க மருந்து டாக்டர் மூச்சுக்குழாய் போடும்போது கூடவே நின்று பார்ப்பேன். இப்போதெல்லாம் காது மூக்கு தொண்டை மருத்துவரும் நிற்பார். அந்தச் சில வினாடிகளில் தொண்டையின் பின்சுவர், குரல்வளை மூடி, குரல்வளைக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். குரல்வளை மூடி வீங்கி உருண்டிருந்தால் அன்றைக்கு முக்கியமானது உணவுக்குழாய் இல்லை, மூச்சு. கிருமியால் வீங்கிய மாதிரியே இருக்கும். காய்ச்சலோடு வந்த ஒரு குழந்தைக்கு நாங்கள் கிருமி என்றே நினைத்து ஆரம்பித்தோம். பக்கத்தில் வெந்துபோன வெள்ளைத் திட்டைப் பார்த்த பிறகுதான் வீட்டில் என்ன குடித்தது என்று கேட்கவே தோன்றியது. பெற்றோருக்கே அதுவரை தெரியாது.

அப்புறம் 5, 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையும் கருவி. காற்றைக் குறைவாக ஊதிக்கொண்டு மெதுவாகப் போக வேண்டும், வெந்த சுவரை உப்பவைக்கக் கூடாது. திரையில் முதலில் வெளிர் ரோஜா நிறச் சுவர் வரும், ஈரம் மின்னும், இலை நரம்பு போல மெல்லிய ரத்தநாளங்கள் ஓடும். இன்னும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போனால் அந்த நரம்புகள் மறைந்துவிடும். வீக்கம் மூடிவிட்டது என்று அர்த்தம். அதற்கும் கீழே ஒரு பக்கம் பால் ஆடை மாதிரி வெள்ளைச் சவ்வு. அதன் ஓரத்தைத்தான் கண் தொடர்ந்துகொண்டே இருக்கும்: சுற்றி வருகிறதா, நடுவில் எங்காவது ரோஜா நிறம் விட்டிருக்கிறதா? கால்வாசி வட்டம் ரோஜாவாக இருந்தாலும் எனக்கு மூச்சு வரும்.

வளையாத குழாய்க் கருவி இருந்த காலத்தில் முதல் புண்ணைக் கண்டதும் நிறுத்திவிட வேண்டும் என்பார்கள், குத்திவிடும் என்ற பயம். மெல்லிய வளையும் கருவி வந்த பிறகு, சுவர் கறுத்திருந்தாலொழிய, கவனமாக இரைப்பைவரை போய்ப் பார்க்கிறோம்.

மூக்கு வழியாக உணவுக் குழாய் போட வேண்டியிருந்தால் கண்ணால் பார்த்துக்கொண்டே போட வேண்டும். குருட்டாகத் தள்ளினால் வெந்த சுவரைக் குத்திக்கொண்டு போகும்.

ஜூன் 6, காலை 9.00

நேற்று எழுதாத ஒன்று, நேரம். குடித்த சில மணி நேரத்திலேயே பார்த்தால் புண் முழுசாக வெளிப்பட்டிருக்காது, லேசு என்று ஏமாந்துவிடலாம். 12 முதல் 24 மணி நேரத்துக்குள் என்பது வசதியான இடம், 48-ஐத் தாண்டவிடக் கூடாது. முதல் வாரத்தின் கடைசியிலிருந்து இரண்டாம் வாரம் முடியும்வரை கருவி பக்கமே போகாமல் இருப்பது நல்லது. அந்த நாட்களில் செத்த தசை உரிந்துபோயிருக்கும், தழும்பு இன்னும் கெட்டிப்பட்டிருக்காது, சுவர் நனைந்த காகிதம். மதியம் குடித்த குழந்தைக்கு மறுநாள் காலை என்று உங்கள் டாக்டர்கள் வைத்தது இதனால்தான், சோம்பலால் இல்லை.

ஜூன் 6, மாலை 5.20

எக்ஸ்ரே, ஸ்கேன் போதாதா, கருவியே வேண்டுமா என்று இன்னொருவர். எக்ஸ்ரே புண்ணைக் காட்டாது, ஓட்டையைக் காட்டும். நெஞ்சுக்கூட்டின் நடுவில் காற்று, உதரவிதானத்தின் கீழ் காற்று, இதற்காகத்தான் எடுக்கிறோம். குழந்தை முதுகு வலிக்கிற மாதிரி நெளிகிறது, வயிறு பலகையாக இருக்கிறது, ஜுரம் ஏறுகிறது என்றால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிவைத்துவிட்டு மருந்து ஏற்றிய சி.டி. எடுப்போம். பெரியவர்களில் இப்போது சி.டி.யே முதல் இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது, அறுவை தேவையா என்று முடிவு செய்ய. குழந்தைகளில் கதிர்வீச்சை நினைத்துத் தயங்குகிறோம். பெரும்பாலான குழந்தைகளின் புண்ணும் அந்த அளவுக்குப் போவதில்லை. பேரியம் ஆரம்ப நாட்களில் வீண். ஓட்டைச் சந்தேகம் இருந்தால் பேரியம் கூடவே கூடாது, தண்ணீரில் கரையும் சாயம்தான். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த சுக்ரால்ஃபேட் என்ற புண் மருந்தைக் குடிக்கவைத்து அது புண்ணில் ஒட்டுகிறதா என்று ஸ்கேனில் பார்க்கும் முறையும் உண்டு. மயக்கம் தேவையில்லை என்பது அழகான யோசனை, ஆனால் ஆழம் தெரியாது. நான் செய்ததில்லை.

ஜூன் 7, இரவு 11.15

ஒரு மாணவர் என் முதல் நோட்டைப் பார்த்துவிட்டு, “அப்போ ஆசிட் உணவுக்குழாயை விட்டுவிடும், இரைப்பையைத்தான் கடிக்கும், சரிதானே சார்?” என்றார். நாங்களும் அப்படித்தான் படித்தோம். ஆசிட் உணவுக்குழாயை நக்கும், இரைப்பையின் வெளிவாசலைக் கடிக்கும் என்று ஒரு பழைய வாக்கியம். சொல்ல நன்றாக இருக்கிறது, உண்மை பாதிதான். அதே சர்கர் குழு ஆசிட் குடித்தவர்களை மட்டும் வைத்து 1989-ல் எழுதியதில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் உணவுக்குழாயிலும் புண் இருந்தது.

வித்தியாசம் இருப்பது சுடும் விதத்தில். ஆசிட் பட்ட தசையின் புரதம் கெட்டிப்பட்டுப் பொருக்காகிவிடும், அந்தப் பொருக்கு மேற்கொண்டு ஆழமாகப் போவதைக் கொஞ்சம் தடுக்கும். காரம் கொழுப்பைச் சோப்பாக்கும், புரதத்தைக் கரைக்கும், தனக்குத் தானே வழி வெட்டிக்கொண்டு உள்ளே போகும். காரத்தைத் தொட்ட விரல் வழவழப்பது உங்கள் தோலே சோப்பாவதால்தான். இரண்டையும் வைத்து ஒன்றைப் பாவம் என்று விட்டுவிட முடியாது. கழிப்பறை ஆசிட் குடித்த குழந்தைக்கு இரைப்பையைக் கடைசிவரை பார்க்காமல் வெளியே வராதீர்கள். அதன் வெளிவாசல் சுருங்குவது சில வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும், சாப்பிட்டது அப்படியே வாந்தியாக வரும்போது.

ஜூன் 8, காலை 7.50

பேச்சு எங்கோ போகிறது, போகட்டும். பட்டன் பேட்டரி விழுங்கினால் அதுவும் இந்தக் கணக்கா என்று கேட்டவருக்கு: ஆமாம், இதைவிட அவசரம். ஒழுகும் ரசாயனம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் குற்றவாளி மின்சாரம். 3 வோல்ட் லித்தியம் பேட்டரி, 20 மில்லிமீட்டர் அகலம், குழந்தையின் உணவுக்குழாயில் கச்சிதமாகச் சிக்கும். ஈரமான சுவர் இரண்டு முனையையும் இணைக்க, நெகட்டிவ் முனைப் பக்கம் ஹைட்ராக்சைடு உருவாகிக்கொண்டே இருக்கும். சிக்கிய இடத்திலேயே புதிதாகக் காரம் தயாராகிறது. இரண்டு மணி நேரத்தில் கடுமையான சூடு. இதில் 12 மணி, 24 மணி என்று காத்திருக்கும் பேச்சே இல்லை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும். வெறும் வயிறா என்றுகூடக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

எக்ஸ்ரேயில் நாணயம் மாதிரியே இருக்கும். ஓரத்தை உற்றுப் பாருங்கள். விளிம்புக்குள் இன்னொரு வட்டம் தெரிந்தால் பேட்டரி. பக்கவாட்டில் எடுத்த படத்தில் ஒரு படி தெரியும். அந்தப் படியின் ஒடுங்கிய பக்கம் எந்தச் சுவரைப் பார்த்திருக்கிறதோ அங்கேதான் புண் ஆழம். “காசுதான், காலையில் எடுத்துக்கலாம்” என்று ஒரு இரவு முழுக்க வைக்கப்பட்ட குழந்தை ஒன்று எங்களிடம் அனுப்பப்பட்டது. படத்தை விளக்குப் பெட்டியில் வைத்து இரண்டாவது வட்டத்தை விரலால் காட்டினேன். அனுப்பிய டாக்டர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை, என் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை எனக்கு ஞாபகம் இருந்தது.

பேட்டரி எடுத்த பிறகும் சில நாட்கள், சில வாரங்கள்கூடக் கழித்து புண் பெருந்தமனிவரை அரித்து ரத்தம் கொட்டலாம். ஆகவே “எடுத்தாச்சு, கிளம்பலாம்” கிடையாது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 10 மில்லி தேன் கொடுக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். தேனைத் தேடி அலைந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போவதானால் வேண்டாம்.

ஜூன் 8, காலை 8.10

அவசரமாக ஒரு திருத்தம். தேன் பேட்டரிக்கு மட்டும். குழாய் அடைப்பு நீக்கி குடித்த குழந்தைக்கு இல்லை. யாராவது மேலே இருப்பதை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

ஜூன் 11, இரவு 10.30

மூன்று நாள் எழுதவில்லை. இடையில், ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் சுருக்கத்தைத் தடுக்கலாமா என்று சண்டை ஒன்று நடந்திருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். 1990-ல் 60 குழந்தைகளைக் கொண்ட ஆய்வு, சேர்க்கவே 18 வருடம் ஆனது, ஸ்டீராய்டால் சுருக்கம் குறையவில்லை என்றது. 2014-ல் 2பி புண்ணுள்ள குழந்தைகளுக்கு மூன்று நாள் மட்டும் அதிக அளவில் கொடுத்துப் பார்த்ததில் சுருக்கம் குறைந்தது. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை, அளவும் ஆளும் வேறு. இந்தப் பையன் 2ஏ, அவனுக்கு இந்தச் சண்டையே தேவையில்லை. பார்த்து நிலையைக் குறிப்பதால் என்ன பயன் என்று கேட்டவருக்கும் இதுதான் பதில்: யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் காவல் என்று பிரிப்பதற்கு.

செவாலியர் ஜாக்சனை யாரோ இழுத்திருந்தார்கள், சந்தோஷம். உணவுக்குழாய்க்குள் பார்க்கும் கருவிகளை வடிவமைத்த அமெரிக்கர். குழந்தைகளும் பெரியவர்களும் விழுங்கியோ மூச்சில் இழுத்தோ அவர் எடுத்த பொருட்கள் 2,000-க்கு மேல் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. எல்லோரும் அந்த ஊக்குகளையும் பொத்தான்களையும் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது காஸ்டிக் டப்பாவில் விஷம் என்று எழுதவைக்க அவர் வருடக்கணக்கில் அலைந்தது. 1927-ல்தான் அங்கே அதற்குச் சட்டம் வந்தது. அதுவரை சர்க்கரை மாதிரியே இருக்கும் வெள்ளைத் தூள், எச்சரிக்கை ஒன்றும் இல்லாமல். விரிப்பதில் அவ்வளவு கெட்டிக்காரராக இருந்த மனிதர் லேபிளுக்காக அலைந்தார் என்பதை நினைத்துப் பார்ப்பேன், என் கையில் ஒன்பதாவது முறையாக அதே குழந்தை மயக்கத்தில் படுத்திருக்கும்போது.

ஜூன் 12, காலை 6.15

“பிற்காலத்தில் புற்றுநோய் வரும் என்கிறார்களே” என்று பையனின் அம்மா கேட்டிருக்கிறார். கடுமையாக வெந்து சுருங்கிப்போன உணவுக்குழாய்க்கு அந்த ஆபத்து உண்டு, பல பத்து வருடம் கழித்து. ஆயிரம் மடங்கு என்று எழுதுவார்கள். தொடங்கும் எண் மிகச் சின்னது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அப்படிப்பட்டவர்களை வளர்ந்த பிறகும் அவ்வப்போது உள்ளே பார்ப்பார்கள். உங்கள் பையன் அந்தக் கூட்டத்தில் இல்லை. தூங்குங்கள்.

ஜூன் 23, இரவு 9.40

19 நாள் ஆகிறது. வாயில் போட்டதைச் சுழற்றிச் சுழற்றி வைத்துக்கொண்டு கடைசியில் துப்புகிறானாம். இரண்டு நாளாக. கூழ் நன்றாக இறங்குகிறதாம்.

2ஏ ஆறும் என்று நான்தான் சொன்னேன். ஆனாலும் இந்தச் செய்தியை அப்படியே விட மாட்டேன். தழும்பு இழுக்க ஆரம்பிப்பது சரியாக மூன்றாவது வாரம், முதலில் நிற்பது திட உணவு. கூழ் இறங்குகிறது என்பது ஆறுதல் இல்லை, சுருக்கத்திலும் கூழ் இறங்கும். குறித்துக்கொடுத்த தேதிவரை காத்திருக்காமல் நாளைக்கே போன் செய்து பேரியம் எக்ஸ்ரே கேளுங்கள். இப்போது பேரியத்துக்குச் சரியான நேரம்.

எண்டோஸ்கோப்பியில் சவ்வின் அடியில் ஆழம் ஒளிந்திருந்து 2பி-யை 2ஏ என்று எழுதிவிடுவதும் உண்டு. நானே எழுதியிருக்கிறேன்.

ஜூன் 26, மாலை 6.30

சுருக்கம் இல்லை. மேலிருந்து கீழ்வரை பேரியம் ஒரே சீராக இறங்கியிருக்கிறது. இரண்டு வாரம் கூழே சாப்பிட்ட பையன் மெல்லுவதை மறந்திருக்கிறான், அல்லது துப்பினால் கூழ் வரும் என்று கண்டுபிடித்துவிட்டான். நான் தேவையில்லாமல் பயமுறுத்தினேன் என்று சொல்லிக்கொள்ளலாம், மறுக்கவில்லை. அடுத்த முறையும் இதையேதான் சொல்வேன்.

ஒரு மாதம் கழித்து எடை பாருங்கள், அதுபோதும். பேரியம் குடித்தவனுக்கு இரண்டு மூன்று நாள் மலம் வெள்ளையாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து நடுராத்திரியில் எழுதாதீர்கள்.